ஓட்டையைக் காட்டும் மின்னோட்டம்: கையுறையிலிருந்து டி.என்.ஏ. வரை

தைப்பிங்கை அடுத்த கமுந்திங் தொழிற்பேட்டை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ரப்பர் கையுறைத் தொழிற்சாலைகள்தாம். ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் அடுத்த தலைமுறைக்கு இந்தத் தொழிற்சாலைகள் வேலை கொடுத்தன. அங்கே தரப் பிரிவில் வேலை செய்யும் அக்காவிடமோ மாமாவிடமோ கேட்டுப் பாருங்கள். அவர்கள் நாள் முழுக்கத் தேடுவது ஒன்றைத்தான்: ஓட்டை.

சோதனை எளிமையானது. மாதிரியாக எடுத்த கையுறைக்குள் 1,000 மில்லிலிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவார்கள். இரண்டு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் அது குறையுள்ள கையுறை. குறையானவை அனுமதித்த அளவைத் தாண்டினால் அந்தத் தொகுப்பு முழுவதும் தேறாது. இரத்தத்தைத் தொட்டு வேலை செய்யும் தாதியின் பாதுகாப்பு இந்த இரண்டு நிமிடத்தில் அடங்கியிருக்கிறது.

தண்ணீர் காட்டாத துளை

துளை மிகச் சிறியதாக இருந்தால், மேற்பரப்பு இழுவிசை தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடும், சொட்டு விழாது. அப்போது இன்னொரு வழி இருக்கிறது. ரப்பர் பொருளுக்கு உள்ளேயும் வெளியேயும் உப்புக் கரைசலை நிரப்பி, இரு பக்கமும் மின்வாய்களை வைத்து மின்னழுத்தம் கொடுக்க வேண்டும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. மின்னோட்டம் பாய்ந்தால், அயனிகள் எங்கோ ஒரு துளை வழியாகப் போகின்றன என்று பொருள். மெல்லிய ரப்பர் பொருள்கள் சிலவற்றுக்கு இது அனைத்துலகத் தர முறையாகவே இருக்கிறது.

இங்கே மின்னோட்டம்தான் சாட்சி. நம் கண்ணுக்குத் தெரியாத துளையை அயனிகள் கண்டுபிடித்துச் சொல்கின்றன.

துளையே கருவியானால்?

தொழிற்சாலையில் துளை ஒரு குறை. ஆய்வகத்தில் அதே துளையை வேண்டுமென்றே செய்கிறார்கள்.

அமெரிக்கரான வாலஸ் கூல்ட்டர், உப்புக் கரைசலில் ஒரு சிறு துளை வழியாக இரத்த அணுக்களை அனுப்பினார். ஓர் அணு கடக்கும்போது துளையின் ஒரு சிறு பகுதி அடைபட்டு, மின்னோட்டம் ஒரு கணம் மாறுகிறது. அந்த மாற்றங்களை எண்ணினால் அணுக்களை எண்ணியதாகிவிடும். 1953இல் காப்புரிமை பெற்ற இந்த முறை, மருத்துவமனைகளின் இரத்தப் பரிசோதனையில் இன்றும் பயன்படுகிறது.

துளையை நானோ அளவுக்குச் சுருக்கினால் என்ன ஆகும்? ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் கிடைக்கும் ஒரு பங்கு. ஒரு வகை பாக்டீரியா உருவாக்கும் ஆல்ஃபா ஹீமோலைசின் என்ற புரதத்தின் நடுவில் இயற்கையாகவே ஒரு துளை உண்டு. அதன் மிகக் குறுகிய இடம் ஏறக்குறைய 1.4 நானோமீட்டர். டி.என்.ஏ.வின் ஒற்றை இழை அதில் நூல் கோத்ததுபோல் நுழைந்து செல்வதை, மின்னோட்டம் குறைவதைக் கொண்டே கண்டறிய முடியும் என்று 1996இல் ஆய்வாளர்கள் காட்டினர். இழையின் எழுத்துகள் ஒவ்வொன்றும் மின்னோட்டத்தை ஒவ்வொரு விதமாக மறைப்பதால், பின்னாளில் அந்த எழுத்துகளையே படிக்கவும் வழி பிறந்தது.

இன்று அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்குகிறது. 2015இல் எபோலா பரவிய கினி நாட்டுக்கு ஆய்வாளர்கள் அதைப் பயணப் பெட்டியில் எடுத்துச் சென்று, கிருமியின் மரபணுவை அங்கேயே படித்தனர். 2016இல் அது அனைத்துலக விண்வெளி நிலையத்திலும் வேலை செய்தது.

தொடாமல் தடவும் ஊசி

துளை இருப்பது தெரிந்துவிட்டது. எங்கே இருக்கிறது? அதற்கு வரைபடம் வேண்டும். 1989இல் கலிபோர்னியாவில் பால் ஹான்ஸ்மா குழுவினர், முனை மிகக் கூரான கண்ணாடிக் குழாயில் உப்புக் கரைசலை நிரப்பி ஒரு பரப்பின்மேல் நகர்த்தினர். முனை பரப்பை நெருங்கும்போது அயனிகள் போக இடமில்லாமல் மின்னோட்டம் குறையும். அதை வைத்து மேடுபள்ளங்களைத் தொடாமலேயே வரையலாம். அவர்கள் வரைந்து காட்டியவற்றுள் ஒன்று, ஒரு மெல்லிய வடிப்படலத்தின் துளைகள்!

இதன் உறவுக் கருவியான அணுவிசை நுண்ணோக்கி, ஒரு நுண்ணிய ஊசியால் பரப்பைத் தடவிப் படம் வரைகிறது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களின் இறுதியிலேயே ரப்பர் பால் படலங்களை இதன்கீழ் ஆராய்ந்தனர். படலத்தின் மேற்பரப்பில் ரப்பர் துகள்களின் வடிவங்கள் தெரிந்தன. பால்மரம் தரும் பால் எப்படி ஒரே படலமாக இணைகிறது என்ற கேள்வி, நம் நாட்டிலேயே நானோ அளவில் கேட்கப்பட்ட கேள்விதான்.

நமக்கு இதில் என்ன?

படிவம் 5 வேதியியலில் மின்பகுளி, மின்வாய், அயனி ஆகியவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறோம். மேலே சொன்ன கருவிகளில் பெரும்பாலானவை நிற்பது அந்தப் பாடத்தின்மேல்தான். கடினம் என்று பயந்து அறிவியல் பிரிவை விடுவதற்கு முன் இதை ஒருமுறை யோசியுங்கள். ஓட்டையைத் தேடும் வேலை நம் வீட்டாருக்குப் பழக்கமானது. தேடும் கருவியை வடிவமைக்கும் வேலையும் நமக்கு எட்டாததல்ல. நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும், கம்பாரில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகமும் நமக்குத் தூரமில்லை.

அதுவரை, ஆசிரியர் துணையோடு பள்ளி ஆய்வகத்தில் இதைச் செய்து பாருங்கள். ஒரு கையுறை விரலில் உப்பு நீரை நிரப்பி, உப்பு நீர் உள்ள முகவைக்குள் தொங்கவிடுங்கள். விரலின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கார்பன் தண்டுகளை வைத்து, இரண்டு மின்கலங்களையும் மல்டிமீட்டரையும் தொடராக இணையுங்கள். மல்டிமீட்டர் சுழியத்தைக் காட்டும். பிறகு தண்டுகளை வெளியே எடுத்துவிட்டு, விரலில் ஊசியால் சில துளைகள் இட்டு, மீண்டும் இணைத்து அளவைப் பாருங்கள்.