ஊருக்குப் போகிறீர்களா? தண்ணீரை மறக்காதீர்கள்!

மே மாதம் பிறந்துவிட்டால் மும்பை தாதர் ரெயில் நிலையத்தில் திருநெல்வேலித் தமிழ் கேட்கத் தொடங்கிவிடும். தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் என்று எல்லாப் பக்கங்களில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேருகிறார்கள். ஊரில் அம்மன் கோவில் கொடை. அல்லது தங்கைக்குக் கல்யாணம். கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பத்து நாள் லீவு. கையில் பத்து மூட்டை.

அந்தப் பத்து நாளில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்விட்டால் என்ன ஆகும்? ஒவ்வோர் ஆண்டும் சிலருக்கு அப்படித்தான் ஆகிறது. ஊர் போய் இறங்கியதும் தலைசுற்றல், வாந்தி, பேதி, நீர்க்கடுப்பு. "ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று பழியை ஊர்க் கிணற்றின் மேல் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் பாதி உபாதை ரெயிலிலேயே ஆரம்பித்துவிட்டது.

குடிக்காத தண்ணீர்

மும்பையில் இருந்து சோலாப்பூர், குண்டக்கல் வழியாக நாகர்கோவிலுக்குப் போகும் எக்ஸ்பிரசில் இரண்டு இரவுகளைக் கழிக்க வேண்டும். நடுவில் ஒரு முழுப் பகல். அந்தப் பகல்தான் பொல்லாதது. ரெய்ச்சூர், குண்டக்கல் வட்டாரத்தில் ஜன்னல் வழியே வீசுவது காற்று அல்ல, அனல். வேர்வை வந்த மாத்திரத்திலேயே காய்ந்துவிடுவதால், உடம்பில் இருந்து எவ்வளவு நீர் போயிற்று என்பதே தெரியாது.

இந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆனால், குறிப்பாகப் பெண்கள், குடிப்பதில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். நடைபாதை முழுவதும் ஆட்களும் மூட்டைகளும். தாண்டிப் போனாலும் உள்ளே கால் வைக்க முடியாது. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். தண்ணீரும் குடிக்காமல் சிறுநீரையும் அடக்கினால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வருவது அதனால்தான். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால், உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று பொருள்.

விடியற்காலையில் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பு ஒருமுறை, பிறகு பெரிய ஸ்டேஷனில் கழிப்பறையைச் சுத்தம் செய்து வண்டி புறப்பட்டதும் ஒருமுறை என்று நேரம் பார்த்துப் போய்வரும் அனுபவசாலிகள் உண்டு. கழிப்பறை மிக மோசமாக இருந்தால் 139 என்ற ரெயில்வே எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். துப்புரவுக்கு ஆள் வருவார்.

குடிநீரை வீட்டில் இருந்தே காய்ச்சி ஆற்றி எடுத்துவந்தால் முதல் இரவு ஓடிவிடும். பிறகு பாட்டில் வாங்கும்போது மூடியின் வளையம் 'டக்' என்று உடைகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து விற்கும் கெட்டிக்காரர்கள் எல்லா மாநிலத்திலும் இருக்கிறார்கள்.

கட்டுச்சோறு

நம் பாட்டிமார்களுக்குக் கிருமி சாஸ்திரம் தெரியாது. ஆனால் வழிப் பயணத்துக்கு எதைக் கட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி. புளிப்பும் எண்ணெயும் சோற்றைக் கொஞ்ச நேரம் காப்பாற்றும். அதுவும் ஆறிய பிறகு கட்டினால்தான். சுடச்சுட டப்பாவில் அடைத்தால் உள்ளே வேர்த்துக் கெட்டுப்போகும்.

தேங்காய்ச் சட்னி, சாம்பார், முட்டை, கறிக்குழம்பு ஆகியவை முதல் வேளையோடு முடிந்துவிட வேண்டும். வெறும் சோற்றிலும் ஆபத்து உண்டு. வெந்த சோற்றைப் பல மணி நேரம் வெக்கையில் வைத்தால் ஒருவகைக் கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். அதை மறுபடி சூடாக்கினாலும் நஞ்சு போகாது. இரண்டாம் நாளுக்குப் பொரி, கடலை, ரொட்டி, வாழைப்பழம் போதும். தோல் உரித்துத் தின்னும் பழம் நல்லது. வெட்டி வைத்து ஈ மொய்க்கும் தர்பூசணியைப் பார்த்துக் குழந்தை அழுதாலும், அழட்டும்.

ஒரு துண்டுச் சோப்புக் கட்டி கைப்பையில் இருக்கட்டும்.

அகதி முகாமில் ஜெயித்த மருந்து

இவ்வளவுக்குப் பிறகும் பேதி வந்துவிட்டால்? உயிரைக் குடிப்பது பெரும்பாலும் பேதி அல்ல. உடம்பில் இருந்து நீரும் உப்பும் போய்விடுவதுதான்.

1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடிவந்தார்கள். பங்கான் முகாமில் காலரா. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோகும் நிலை. டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலக்கச் செய்து வாய்வழியே குடிக்கக் கொடுத்தார். நோயாளிகளின் சொந்தக்காரர்களே அதைப் புகட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-ல் காலமானார். மறு ஆண்டு பத்மவிபூஷண் விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

அந்த வழியில் வந்ததுதான் இன்று மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம். விலை சொற்பம். நான்கு பொட்டலம் வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டால் போதும். பெரிய பொட்டலம் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதியைப் பாதி பாட்டிலில் கண்ணளவாகப் போடக்கூடாது. 24 மணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

காகிதப் பெட்டியில் இனிப்பாக விற்கும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பிக் குழந்தைக்குக் கொடுத்தவர்கள் ஏராளம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் அந்தப் பெயரைப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சர்க்கரை அதிகமான பானம் பேதியைக் கூட்டும்.

பேதியில் ரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து கண் செருகினாலோ, ஊர் வரும்வரை காத்திருக்கக் கூடாது. டிக்கெட் பரிசோதகரிடம் சொன்னாலும், 139-க்குப் போன் செய்தாலும், வரும் ஸ்டேஷனுக்கு டாக்டரை வரவழைக்க ஏற்பாடு செய்வார்கள். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் கூச்சப்படுகிறார்கள்.

சங்கிலி போட்ட மாத்திரை

சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் செய்யும் காரியம் ஒன்று உண்டு. மாத்திரையைப் பெரிய பெட்டிக்குள், புதுப்புடவைகளுக்கு அடியில் வைத்து, பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுப் பூட்டிவிடுவார்கள். சாவி வீட்டுக்காரரிடம். அவரோ மேல் பெர்த்தில் குறட்டை விடுகிறார். இரண்டு நாள் மாத்திரை போச்சு!

மாத்திரையும் சீட்டும் மேல்சட்டைப் பையிலோ கைப்பையிலோ இருக்க வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பதும் தவறு. கை நடுங்கி, குப்பென்று வேர்த்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். இன்சுலின் மருந்தை ஜன்னல் வெயில் படாமல் வைக்க வேண்டும். நேரடியாக ஐஸ் மேலும் வைக்கக்கூடாது.

கால்களையும் கவனிக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகிற பயணத்தில், காலின் உள்நரம்பில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு தெரிவித்தது. விமானம் மட்டுமல்ல, ரெயிலும் பஸ்சும் இதில் அடக்கம். நல்ல உடம்புக்காரர்களுக்கு அபாயம் குறைவுதான். ஆனாலும் மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடப்பதும், உட்கார்ந்தபடியே கணுக்காலை மடக்கி நீட்டுவதும் செலவில்லாத வைத்தியம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

திரும்பி வரும்போது இன்னொரு சங்கடம் இருக்கிறது. அம்மா கட்டிக்கொடுத்த கருவாடு, கருப்பட்டி, முருங்கைக்காய்க் கட்டு, அரிசி மூட்டை. ஸ்டேஷனில் எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். தண்ணீர்ப் பாட்டில் மட்டும் வீட்டுத் திண்ணையிலேயே நின்றுகொண்டிருக்கும்.