ஒரு நாழிகையும் ஓர் ஆறும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரின் சந்நிதிக்கு வாழைத்தார் சுமந்து வரும் குடும்பங்கள் உண்டு. மகளுக்கோ மருமகளுக்கோ சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, தாயும் சேயும் நலமாக வீடு திரும்பிய பின்னர் நேர்த்திக்கடன் செலுத்த வருபவர்கள் அவர்கள். செவ்வந்திநாதர் என்னும் திருநாமம் கொண்ட பெருமானுக்குத் தாயுமானவர் என்ற பெயர் வந்த வரலாற்றை அறியாத பக்தர் அரியர். ஆயினும் அதனை நிதானமாக ஒருமுறை நினைத்துப் பார்த்தால், பேறுகாலத்தை எதிர்நோக்கும் ஒவ்வோர் இல்லத்துக்கும் அதில் செய்தி இருப்பது விளங்கும்.

வணிகர் குலத்துப் பெண்ணான இரத்தினாவதி நிறைமாதக் கர்ப்பிணி. அவளது தாய் மருந்தும் எண்ணெயும் மற்றைப் பேறுகாலப் பொருள்களும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மகளைக் காணப் புறப்பட்டாள். வழியில் காவிரி பெருக்கெடுத்து ஓடியது. ஓடம் செல்லவில்லை. தாய் அக்கரையில் தவிக்க, மகளுக்கு வலி கண்டுவிட்டது. அப்போது பெருமானே அத்தாயின் உருவில் வந்து, மகளைத் தாங்கிப் பிடித்து, பிரசவம் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டி, காய மருந்து கொடுத்து, வெள்ளம் வடியும்வரை உடனிருந்தார். உண்மைத் தாய் வந்து வாசலில் நின்றபோது இரண்டு தாயரைக் கண்டு மகள் திகைத்தாள். வந்தவர் மறைந்தார் என்கிறது தலபுராணம்.

இக்கதையில் பலரும் கவனியாத ஒன்று உண்டு. பயணம் செய்தவள் தாய், கர்ப்பிணி அல்லள். மகள் இருந்த இடத்திலேயே இருந்தாள். மகளிருக்கு இறைவன் அருளியதும் அரிய மருந்தோ மந்திரமோ அன்று, வலியெடுத்த நேரத்தில் பக்கத்தில் ஒரு துணை.

மலைக்கோட்டையிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருவானைக்காவல். அங்கே ஜம்புகேசுவரரை வழிபட்ட சிலந்தியே மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. யானை புக முடியாத மாடக்கோயில்களை எழுப்பிய அந்த மன்னனைப் போற்றும்போது, அவனைப் பெற்றவளைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். சோழ மன்னன் சுபதேவனின் தேவி கமலவதிக்குப் பிரசவ நேரம் நெருங்கியபோது, இக்குழந்தை இன்னும் ஒரு நாழிகை கழித்துப் பிறக்குமானால் மூவுலகும் ஆளும் என்றனர் காலக்கணிதர். கேட்ட தேவி, தன் கால்களைக் கட்டித் தலைகீழாகத் தூக்கச் சொன்னாள். குறித்த நாழிகை வந்ததும் கட்டவிழ்த்தார்கள். பிறக்கத் தாமதமானதால் சிவந்த கண்களோடு பிறந்தது மகவு. ‘கோச்செங்கண்ணானோ’ என்று அழைத்த தாய், அந்தப் பெயரைச் சூட்டிய அளவிலே உயிர் நீத்தாள்.

ஒரு நாழிகை என்பது 24 நிமிடம்.

அன்று அந்த முடிவைக் கேட்டுப் பெற்றவள் கமலவதியே; வேறெவரும் அவளை வற்புறுத்தவில்லை. இன்று பல இல்லங்களில் நிலைமை அதுவன்று. எட்டாம் மாதம் கடந்ததும் பஞ்சாங்கம் கூடத்துக்கு வந்துவிடுகிறது. தாத்தா ஒரு நாளைக் குறிக்கிறார். சம்பந்தி வீட்டார் வேறொரு நாளைக் குறிக்கின்றனர். இந்த நட்சத்திரம் மாமனாருக்கு ஆகாது, அந்த லக்கினம் தந்தைக்கு ஆகாது என்று விவாதம் நீள்கிறது. முடிவில் ஒரு தாளில் நாளும் மணியும் எழுதி மருத்துவரிடம் நீட்டப்படுகிறது. வயிற்றில் குழந்தையைச் சுமப்பவளிடம் அந்தத் தாளைக் காட்டியவர் எவரும் இல்லை.

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நிகழ்ந்த பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவைச் சிகிச்சை வழியானவை. அகில இந்திய அளவில் அது 21.5 விழுக்காடு. இதற்குப் பஞ்சாங்கம் மட்டுமே காரணம் என்று பழி சுமத்துவது நியாயமாகாது, காரணங்கள் பல. அறுவைச் சிகிச்சை எத்தனையோ தாய்மாரையும் குழந்தைகளையும் காத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் தேவையின்றிச் செய்யப்படும்போது அதற்கும் விலை உண்டு. கர்ப்பத்தின் இறுதி வாரங்களில்தான் குழந்தையின் நுரையீரலும் மூளையும் முதிர்ச்சி பெறுகின்றன. ஆகவேதான் மருத்துவக் காரணம் இல்லாதபோது 39 வாரம் நிறையுமுன் அறுவை செய்வதை மருத்துவர்கள் தவிர்க்கச் சொல்கிறார்கள். நல்ல நாள் என்று முன்கூட்டியே எடுக்கப்பட்ட குழந்தை மூச்சுத் திணறலால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்க நேரலாம். தாய்க்கோ, அடுத்த கர்ப்பத்தில் பழைய தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டிக்கொண்டு பெரும் உதிரப்போக்கு உண்டாகும் அபாயம் கூடுகிறது.

முந்துவதில் உள்ள தீங்கு இது. பிந்துவதில் உள்ளது இதனினும் கொடியது. குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது, உடனே அறுவை செய்யவேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, இராகு காலம் முடியட்டும் என்று கைகூப்பும் பெரியவர்கள் இருக்கிறார்கள். இராகு காலம் ஒன்றரை மணி நேரம். கமலவதி பொறுத்தது ஒரு நாழிகை. இவர்கள் கேட்பது கிட்டத்தட்ட நான்கு நாழிகை.

நல்ல காரியம் தொடங்க அஷ்டமியும் நவமியும் ஆகா என்று ஒதுக்குவது வழக்கம். கண்ணன் பிறந்தது அஷ்டமியில். அதுவும் நள்ளிரவில், சிறைச்சாலையில். இராமன் பிறந்தது நவமியில். மூல நட்சத்திரத்தில் பெண் பிறந்தால் முகம் சுளிக்கும் அதே இல்லம், மார்கழி மூலத்தில் அனுமனுக்கு வடைமாலை சாத்துகிறது. ஜோதிடத்தில் நம்பிக்கை உடையோரும் ஒன்றை எண்ணலாம். குழந்தை பிறந்த நேரத்துக்குக் கணிப்பதுதான் ஜாதகம். கணித்து வைத்த நேரத்துக்குக் குழந்தையை இழுத்து வருவது அந்தச் சாத்திரத்தின் நோக்கமாக இருந்ததில்லை. மருத்துவக் காரணத்தால் அறுவைச் சிகிச்சை உறுதியாகி, ‘இந்த வாரத்தில் எந்த நாளாயினும் சரி’ என்று மருத்துவரே இடம் கொடுத்தால், அந்த எல்லைக்குள் ஒரு நாளைத் தெரிவு செய்வதில் தவறில்லை. எல்லையை வகுப்பவர் மருத்துவராக இருக்கவேண்டும். சம்மதம் தருபவள் கர்ப்பிணியாக இருக்கவேண்டும். வயது வந்த பெண்ணின் உடலுக்குச் செய்யப்படும் சிகிச்சைக்கு அவளது சம்மதமே முதன்மையானது.

அப்படியானால் மூத்தோருக்கு வேலையே இல்லையா? நிரம்ப இருக்கிறது. நாழிகையைப் பார்ப்பதை விட்டு ஆற்றைப் பார்க்கவேண்டும்.

இன்றைய காவிரி வேறு உருவில் ஓடுகிறது. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது மரபு. ஏழெட்டு மாதம் பார்த்த மருத்துவர் ஓர் ஊரில் இருக்க, பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவர் வேறோர் ஊரில் இருக்கிறார். இரத்த அழுத்தம் எப்போது ஏறியது, சர்க்கரை இருந்ததா, இரத்தசோகை எவ்வளவு என்ற விவரங்கள் எல்லாம் இடையில் நழுவிவிடுகின்றன. தாய்வீட்டில்தான் பேறு என்று முடிவானால், அந்த ஊர் மருத்துவரை முன்னதாகவே ஒருமுறை பார்த்துவிடுவதும், ஸ்கேன் அறிக்கைகளையும் தாய் சேய் நலப் புத்தகத்தையும் ஒரே பையில் வைத்து அனுப்புவதும் அவசியம். பெண்ணுக்குக் கணவன் வீட்டுப் பக்கத்தில் நல்ல மருத்துவமனை இருந்து, இரத்த அழுத்தம் போன்ற சிக்கலும் இருக்குமானால், இரத்தினாவதியின் தாயைப் போலத் தாயே மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்படுவது மேல். சம்பந்தி வீட்டில் போய் நாற்பது நாள் தங்குவதா என்ற கூச்சத்தால் மகளை மலைப்பாதையிலும் நெடுஞ்சாலையிலும் அலைக்கழிக்க வேண்டாம்.

நள்ளிரவில் வலி கண்டால் வண்டி யாருடையது, அவர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் யார், 108 ஊர்தி வந்து நிற்கத் தெருவில் இடம் உண்டா என்பதை ஒன்பதாம் மாதத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும். பெண்ணின் இரத்த வகை வீட்டில் இருவருக்காவது மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் தகுதியுள்ளவர் பயன்பெறக் கர்ப்பம் உரிய காலத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பணம் வருவது பெண்ணின் வங்கிக் கணக்குக்கு. கணவர் கணக்கோ மாமனார் கணக்கோ போதும் என்று இருந்துவிட்டுக் கைக்குழந்தையோடு வங்கி வாசலில் நிற்பவர்கள் பலர். மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்புவோர், மகப்பேற்றுக்கான காத்திருப்புக் காலம் எவ்வளவு என்று பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பது நலம். பெரும்பாலும் அது எதிர்பார்ப்பதைவிட நீண்டதாகவே இருக்கும்.

உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், கடும் தலைவலியோடு பார்வை மங்குதல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கஷாயம் வைத்துப் பார்க்கும் நேரம் அதுவன்று. ‘எங்கள் காலத்தில் இதெல்லாம் பார்த்தோமா’ என்ற சொல் அன்புள்ள பாட்டிமார் வாயிலிருந்தே வருகிறது. அந்தக் காலத்தில் பிழைத்தவர்கள்தான் இன்று அதைச் சொல்ல இருக்கிறார்கள். பிழைக்காதவர்கள் கமலவதியைப்போல் போய்விட்டார்கள்.

பேறு அறையில் துணையிருக்கும் உரிமையைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். பிரசவ நேரத்தில் பெண் தனக்கு வேண்டிய ஒருவரை உடன் வைத்துக்கொள்வதை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. தமிழக அரசு மருத்துவமனைகளிலும் உறவுப் பெண் ஒருவரைத் துணையாக அனுமதிக்கும் ஏற்பாடு உண்டு. தனியார் மருத்துவமனையாயின் முன்னதாகக் கேட்டுக்கொள்ளலாம். உடன் இருப்பவர் தாயா, மாமியாரா, கணவரா என்பதைப் பெண்ணே சொல்லட்டும். போகிறவர் அங்கே ஆலோசனை சொல்ல வேண்டியதில்லை. முதுகைத் தடவிக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். மலைக்கோட்டையில் அன்று செவ்வந்திநாதர் செய்ததும் அதுவே.

பிறந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளத் தாத்தா வெளியே கடிகாரத்தோடு காத்திருக்கலாம். செவிலி வந்து சொல்லும் நேரம் எதுவோ, அதை அப்படியே எழுதிக்கொண்டு, தாயுமானவருக்கு வாழைத்தார் வாங்க ஆள் அனுப்பலாம்.