வெளிநாட்டில் கால் இடறினால்...

பொங்கல் வியாபாரம் முடிந்து கணக்கை நேர் செய்த கையோடு, தி.நகரிலும் மயிலையிலும் அடையாற்றிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் குடும்பத்துடன் சிங்கப்பூர், மலேசியா என்று ஒரு வாரம் கிளம்பி விடுகிறார்கள். வருஷம் முழுவதும் கல்லாவில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த ஓய்வு தேவைதான். ஆனால் ஊறுகாய் கட்டுவதில் காட்டும் அக்கறையை, போன இடத்தில் ஒரு காயம் பட்டால் எங்கே போவது என்பதில் யாரும் காட்டுவதில்லை. நாமும் காட்டவில்லை. அதனால் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

நண்பர்கள் சிலருடன் பத்துமலைக்குப் போயிருந்தோம். மேலே குகைக் கோயிலுக்கு 272 படிகள். அன்று மழையில் படிகள் நனைந்திருந்தன. இறங்கும்போது பாத்திரக்கடை நண்பர் ஒருவர் வழுக்கி விழுந்தார். முழங்காலில் தோல் கிழிந்து ரத்தம் வந்தது, கணுக்காலும் வீங்கியது. பதறிப்போன வேன் டிரைவர், கோலாலம்பூரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்பணம் கட்டிய பிறகே உள்ளே அழைத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், கட்டுப் போட்டார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் பில்லைப் பார்த்த நண்பருக்குக் காலைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகச் சென்னை திரும்பினார். ஏஜெண்ட் பாலிசியை விரித்துக் காட்டினார். முதல் 100 டாலர் வரை பாலிசிதாரரே ஏற்க வேண்டும் என்று அதில் இருந்தது. வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில் இப்படி ஒரு பிடித்தம் உண்டு. நண்பருக்குக் கிடைத்தது அதைக் கழித்த மீதி மட்டும். அதற்கும், சிகிச்சைக்கு முன் கம்பெனியின் உதவி எண்ணுக்கு ஏன் போன் செய்யவில்லை என்று ஒரு கேள்வி. சரக்கு வாங்கும்போது ஒவ்வொரு வரியையும் படிக்கும் நாம், பாலிசியைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி விடுகிறோம். சிறு காயச் செலவு பெரும்பாலும் நம் பையிலிருந்துதான் போகும் என்று தெரிந்துகொண்டே கிளம்புவது உத்தமம்.

ஆகவே எங்கே போகிறோம் என்பதில்தான் செலவு அடங்கியிருக்கிறது. மறுநாள் கட்டு மாற்ற, ஓட்டலுக்குப் பின்தெருவில் ‘கிளினிக் 24 ஜாம்’ என்று போர்டு பார்த்துப் போனோம். ஜாம் என்றால் மலாய் மொழியில் மணி. மலேசிய நகரங்களில் இப்படிப்பட்ட கிளினிக்குகள் நிறைய உண்டு. தமிழ் பேசும் டாக்டர்களும் பலர். எங்களைப் பார்த்தவரும் தமிழர்தான். முதல் நாளே இங்கே வந்திருக்கலாமே என்றார்! சிங்கப்பூரிலும் குடியிருப்புப் பகுதிகளில் தனியார் கிளினிக் உண்டு. டாக்டர் பார்த்த இடத்திலேயே மருந்தும் கொடுத்துவிடுவார்கள். அங்கே மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடைக்காது, நம் ஊர்ப் பழக்கத்தில் கேட்டு நிற்க வேண்டாம். 995 ஆம்புலன்சை அவசரமில்லாத காயத்துக்கு அழைத்தால் கட்டணம் போடுவார்கள்.

உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் செலவைப் பார்க்கக் கூடாது. மலேசியாவில் 999, தாய்லாந்தில் 1669, இலங்கையில் 1990 ஆகியவை ஆம்புலன்ஸ் எண்கள். இலங்கையின் 1990 சேவை இந்திய அரசின் உதவியுடன் 2016இல் தொடங்கியது, இலவசம்.

புறப்படும் முன் குடும்ப டாக்டரிடம் டி.டி. ஊசி எப்போது போட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலி மாத்திரை கொண்டு போனால் மருந்துச் சீட்டும் கூடவே இருக்கட்டும். முக்கியமாகத் துபாய் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். டிரமடால், கோடீன் கலந்தவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள்.

பத்துமலையில் இன்னொன்றும் பார்த்தோம். வாழைப்பழப் பையைப் பிடுங்கிய குரங்கு ஒரு சிறுவனின் கையைக் கீறிவிட்டது. அவன் அம்மா விபூதி வைத்து அழைத்துப் போனார். இதை மட்டும் சிறு காயம் என்று விடவே கூடாது. குரங்கோ நாயோ கடித்தால், கீறினால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டி வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். முதல் ஊசியை அங்கே போட்டுக்கொண்டு மீதியை இங்கே வந்து தொடரலாம். நம் அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசி இலவசம். மயிலை, தி.நகர்க்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை பக்கம்தான். எந்த மருந்து, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று எழுதிய சீட்டை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.