கழிவே முதல் – 11: பலாக்கொட்டைச் சிவப்பு

பலா சீசனில் இடுக்கி மலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்குவது போக, ஆள் விட்டு வெட்டினால் கூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டுவிடும் காய்களும் ஏராளம். 2018 மார்ச்சில் கேரள அரசு பலாவை மாநிலப் பழமாக அறிவித்ததற்கு, இப்படி வீணாவதை ஏதாவது சரக்காக மாற்ற வேண்டும் என்ற எண்ணமும் ஒரு காரணம். ஆனால் சிப்ஸ் போடுகிறவருக்குச் சுளை போதும். தோல், சடை, கொட்டை மூன்றும் மிச்சம். பழத்தின் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு கொட்டைதான்.

அவித்துத் தின்னலாம், சுட்டுத் தின்னலாம், குழம்பில் போடலாம். எல்லாம் வீட்டுக் கணக்கு. மூட்டை மூட்டையாகக் குவிந்தால்? ஈரம் பட்ட கொட்டை முளைவிடும்; இல்லையென்றால் பூசணம் பிடிக்கும்.

பூசணம் பிடிப்பதைத் தடுக்க முடியாதென்றால் நமக்கு வேண்டிய பூசணத்தை நாமே பிடிக்க வைத்தால் என்ன? திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் இருக்கும் மண்டல ஆய்வுக்கூடத்தில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். 2007 முதல் என்.ஐ.ஐ.எஸ்.டி. என்று பெயர் மாறிய மத்திய அரசு நிறுவனம் அது. சுமதி பபிதா, அசோக் பாண்டே, பிரேசிலைச் சேர்ந்த கார்லோஸ் சோக்கோல் ஆகியோர் 2006, 2007ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் நாயகன், மொனாஸ்கஸ் பர்ப்யூரியஸ் என்ற பூஞ்சை.

செய்முறை கேட்பதற்கு எளிது. கொட்டையைக் காயவைத்து மாவாக்கிச் சலிக்க வேண்டும். மாவில் பாதியளவு ஈரம் இருக்கும்படி தண்ணீர் தெளித்து, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் வேகவைத்து, ஏற்கெனவே இருக்கும் கிருமிகளை ஒழிக்க வேண்டும். ஆறியபின் பூஞ்சையின் வித்துகளைக் கலந்து 30 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் விட்டுவிட வேண்டும். முதலில் வெள்ளையாக நூல் ஓடும். பிறகு ஆரஞ்சு தட்டும். வார முடிவில் மாவு முழுவதும் கருஞ்சிவப்பு. அதைச் சாராயத்தில் ஊறவைத்தால் சாயம் இறங்கிவிடும்.

ஈரம்தான் இதில் சூட்சுமம். கூடிவிட்டால் மாவு கட்டிதட்டி உள்ளே காற்றுப் புகாது. குறைந்தால் பூஞ்சை படராது. இருட்டும் வேண்டும். வெளிச்சத்தில் வைத்ததைவிட முழு இருட்டில் வைத்த மாவில் சிவப்பு கூடுதலாக ஏறியதை இதே குழு பின்னர் காட்டியது. தனியாகச் சத்து எதுவும் சேர்க்காமலே கொட்டை மாவில் பூஞ்சை வளர்ந்தது. கிடைத்த சாயம் புளிப்பு, காரம் மாறினாலும் பெரிதாக நிறம் மாறவில்லை. உணவுத் தொழிலில் இது சின்ன விஷயமில்லை. பீட்ரூட் சிவப்பு சூட்டில் வெளுத்துவிடும். திராட்சைத் தோலின் நிறம் புளிப்புக்கு ஒன்றாகவும் காரத்துக்கு ஒன்றாகவும் மாறும். கொச்சினீல் சிவப்பு பூச்சியிலிருந்து வருவதால் சைவர்கள் தொடமாட்டார்கள்.

பூஞ்சை ஒன்றும் புதிதல்ல. சீனர்கள் பல நூற்றாண்டுகளாக அரிசியில் இதை வளர்த்து இறைச்சிக்கும் மதுவுக்கும் நிறமேற்றி வருகிறார்கள்; 1596இல் அச்சான லி ஷிசென்னின் மருந்து நூலில் இப்படி வளர்த்த செவ்வரிசி இடம்பெற்றிருக்கிறது. ஜாவாவில் ‘அங்காக்’ என்று விற்ற அரிசியிலிருந்து 1895இல் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் சூட்டியவர் டச்சுத் தாவரவியலாளர் வென்ட். பாப்பனங்கோட்டில் நடந்த புதுமை, அரிசியின் இடத்தில் கொட்டையை வைத்தது.

அரிசி வேண்டுமென்றாலும் தூரம் போக வேண்டாம். பாலக்காட்டு நெல் ஆலைகளில் குருணை உண்டு. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் பீர் ஆலை உண்டு. பீர் வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கையில் இதே மொனாஸ்கஸை வளர்த்துச் சிவப்பு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் துருக்கியின் ஏகே பல்கலைக்கழகத்தினர். வாளையாறு தாண்டிச் சேலம் வரை வந்தால் சேகோ ஃபேக்டரிகளில் மரவள்ளித் திப்பி குவிந்து கிடக்கிறது. அதிலும் மாவுச்சத்து மிச்சமிருக்கிறது.

சரக்குக்குக் குறைவில்லை. தேவையும் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளில் ‘கேசரி பவுடர்’ என்று வாங்குவதெல்லாம் பெரும்பாலும் செயற்கைச் சாயம். சட்டம் அனுமதித்த செயற்கை நிறங்கள் எட்டு. அவற்றையும் குறிப்பிட்ட பண்டங்களில், குறிப்பிட்ட அளவுக்குள்தான் போடலாம். அந்தப் பட்டியலிலேயே இல்லாத, துணிக்குப் போடும் ரோடமின்-பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. இங்கே இன்னும் அனுமதியில் இருக்கும் எரித்ரோசினை 2025 ஜனவரியில் அமெரிக்கா உணவிலிருந்து விலக்க உத்தரவிட்டது. ஏலக்காய் வியாபாரம் நடக்கும் இடுக்கி–தேனி எல்லைப் பகுதிக்குச் சாயக் கலப்படம் புதுக் கதையும் அல்ல. புத்தடியிலும் போடியிலும் ஏலம் போகும் காய்க்குப் பச்சை ஏற்றும் தந்திரம் ஊரறிந்தது. அதற்கு இந்தப் பூஞ்சையால் பயனில்லை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு தவிர அதற்கு வேறு நிறம் வராது. வந்தாலும் ஏலக்காய்க்குச் சாயமேற்றுவது குற்றம்தான்.

இத்தனை இருந்தும் இதுவரை ஏன் இது கடைக்கு வரவில்லை?

முதல் காரணம் சூடு. பூஞ்சை வளரும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். குடுவையில் அது தெரியாது. தட்டுத் தட்டாக டன் கணக்கில் பரப்பினால் நடுவில் வெந்து பூஞ்சையே செத்துப்போகும். கோடையில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டில் குளிரூட்டியாக வேண்டும். பீர்மேட்டிலும் மூணாறிலும் 30 டிகிரிக்குச் சூடேற்ற வேண்டும். இரண்டுக்கும் கரண்ட் பில் உண்டு. கொலஞ்சேரியில் 1972இல் தொடங்கிய சிந்தைட் போன்ற நிறுவனங்கள் மஞ்சளிலிருந்தும் மிளகாயிலிருந்தும் நிறம் பிரித்து உலகம் முழுக்க விற்கின்றன. அவர்களோடு விலையில் மோத வேண்டும்.

இரண்டாவதுதான் உண்மையான முட்டுக்கட்டை. சிவப்போடு சேர்த்து சிட்ரினின் என்ற நஞ்சையும் மொனாஸ்கஸ் உண்டாக்கக்கூடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் இந்த நஞ்சை இந்தப் பூஞ்சையில் அடையாளம் கண்டு 1995இல் அறிவித்தவர்கள் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள். செவ்வரிசி மாத்திரைகளில் கிலோவுக்கு 2,000 மைக்ரோகிராம் சிட்ரினின் வரை விட்டுவைத்திருந்த ஐரோப்பா, 2020இல் அதை 100 ஆகக் குறைத்தது. உணவு நிறமாக மொனாஸ்கஸை அங்கே அனுமதிக்கவே இல்லை; அமெரிக்காவிலும் இல்லை. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் இயற்கை நிறப் பட்டியலிலும் அது கிடையாது. ஜப்பானும் சீனாவும் பயன்படுத்துகின்றன.

அந்த ஜப்பானில்தான் 2024 மார்ச்சில் பெரிய அடி விழுந்தது. கோபயாஷி மருந்து நிறுவனம் விற்ற செவ்வரிசி மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்து, நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். அந்த நிறுவனம் வளர்த்தது சிட்ரினின் உண்டாக்காத வகை. பிறகு எங்கிருந்து வந்தது நஞ்சு? ஆலைக்குள் புகுந்து அரிசியில் ஒட்டிக்கொண்ட இன்னொரு நீலப் பூசணம், பியூபருலிக் அமிலம் என்ற பொருளை உண்டாக்கியிருந்தது. நல்ல அரிசியை வைத்து, கண்காணிப்புக்குப் பேர்போன நாட்டில் நடந்தது இது.

கழிவிலிருந்து காசு என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். சிப்ஸ் கடையின் பின்வாசலில் நாலு நாள் கிடந்த கொட்டையை அள்ளி வந்து உணவுச் சாயம் செய்ய முடியாது. வெட்டிய அன்றே கழுவி உலர்த்திய கொட்டை வேண்டும். ஒவ்வொரு ஈட்டுக்கும் சிட்ரினின் சோதனை வேண்டும். அப்படிச் செய்தால் கொட்டைக்கு விலை கொடுக்க வேண்டிவரும். கொடுக்கட்டும், மலையில் பலா வைத்திருப்பவருக்கு அதுதான் லாபம்.

முடியாத காரியம் இல்லை. பிளாக்கெஸ்லியா டிரிஸ்போரா என்றொரு பூஞ்சை. ஆண், பெண் போன்ற இரண்டு ரகங்களைச் சேர்த்து வளர்த்தால் பீட்டா கரோட்டினை வாரி வழங்கும். மக்காச்சோள ஸ்டார்ச் ஆலைகளில் சோளம் ஊறிய நீர்கூட அதற்கு உணவாகும். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிவியல் குழு அந்த நிறம் பாதுகாப்பானது என்று சான்று தந்தது. 2006இல் அதே பூஞ்சையின் லைகோபீனும் அனுமதி பெற்றது. நஞ்சு இல்லை என்று நிரூபித்தபின் கதவு திறந்தது.

அடுத்த முறை ஜூஸ் பாட்டிலோ பிஸ்கட் பாக்கெட்டோ வாங்கும்போது நிறத்துக்கான எண்ணைப் பாருங்கள். 102, 110, 122, 124, 127 என்றால் செயற்கை. 160a என்றால் கரோட்டின். அதன் பக்கத்தில் அடைப்புக்குள் மூன்று என்று இருந்தால் அது பிளாக்கெஸ்லியா பூஞ்சையிலிருந்து எடுத்தது.

(தொடரும்)