6 ஆயிரம் ரூபாய்க்கு மரம் அறுக்கும் மெஷின்! மரத்தை அறுக்குமா, கையைக் கடிக்குமா?

தாம்பரம்:-

"58 சி.சி. சார்! 22 இன்ச் பார்! ஆறாயிரம்தான்!"

மழைக்காலம் நெருங்கினால் புறநகர் ஹார்டுவேர் கடைகளில் இப்படிப்பட்ட பேச்சு சூடு பிடித்துவிடும். பேசப்படும் சரக்கு, சீனாவில் இருந்து வரும் மலிவு விலை செயின் ரம்பம். பேர் பெற்ற கம்பெனி மெஷின் வாங்கப் போனால் சுமார் 20 ஆயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். இதன் விலையோ அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாங்கலாமா? வாங்கினால் உழைக்குமா?

தாம்பரம், வண்டலூர்க்காரர்களுக்கு இது வீண் கேள்வி அல்ல. 2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி பிற்பகல் வர்தா புயல் கரை கடந்தபோது, வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தெருவுக்குத் தெரு மரம் குறுக்கே கிடந்தது. அப்புறப்படுத்த நாள் கணக்கில் ஆனது. கோடாரியை நம்பிப் பிழைத்தவர்கள் பலர் இன்று மெஷினுக்கு மாறிவிட்டார்கள். 20 ஆயிரத்துக்கு வழி இல்லாதவர் கையில் இருப்பது பெரும்பாலும் சீன மெஷின்தான்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்த மெஷினின் என்ஜின் மோசம் இல்லை!

ஜப்பான் மூளை, சீன உடம்பு

52 சி.சி. சீன ரம்பம் எந்தப் பெயரில் வந்தாலும், உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே எலும்புக்கூடுதான். ஜப்பானின் ஜெனோவா கம்பெனி முன்பு போட்ட மாடலைப் பார்த்துச் செய்தது. சீனாவில் யோங்காங் என்ற ஊர் இரும்புச் சாமான்களுக்குப் பேர் போனது. அந்த வட்டாரத் தொழிற்சாலைகளில் இருந்து ஒரே உருவம் பல வண்ணம் பூசிக்கொண்டு பல நாடுகளுக்குப் போகிறது.

இதனால் ஒரு லாபமும் உண்டு. ஒரு பெயருள்ள மெஷினின் கார்புரேட்டர் இன்னொரு பெயருள்ள மெஷினுக்குப் பொருந்தும். அதுவும் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பக்கூடாது. இந்த ரகத்தில் சிலிண்டர் விட்டம் பொதுவாக 45 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 32 மில்லி மீட்டர். பள்ளிக்கூடத்துக் கணக்குப்படி பெருக்கிப் பாருங்கள். 51 சி.சி.கூட முழுசாகத் தேறாது! அதே என்ஜின் மேல் 58 என்றும் 62 என்றும் ஒட்டி விற்கிறார்கள். இந்த என்ஜினுக்கு 22 இன்ச் பார் மாட்டுவது, சின்னப் பையன் தலையில் பெரிய மூட்டையை ஏற்றுவது மாதிரி. 18 இன்ச் போதும். (பார் என்பது செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை.)

நல்ல செயின் மாட்டினால், ஒரு அடி கனமுள்ள வேப்ப மரத்தை இந்த மெஷின் ஒரு நிமிடத்துக்குள் துண்டாக்கிவிடும். கம்பெனி மெஷின் இன்னும் கொஞ்சம் வேகமாக, உதறல் குறைவாக அறுக்கும். ஒரு மரத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காலை முதல் மாலை வரை பிடித்திருக்கிறவரின் மணிக்கட்டுக்குத் தெரியும்.

புழு சொல்லிக் கொடுத்த பல்

"நல்ல செயின் மாட்டினால்" என்றோமே, அங்கேதான் சங்கதி இருக்கிறது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர் ஜோ காக்ஸ். 1946-ல் ஒரு வண்டின் புழு, கட்டையை இடமும் வலமுமாகக் குடைந்து தின்பதைப் பார்த்தார். அதே மாதிரி இடம், வலம் என்று மாறி மாறிச் செதுக்கும் பல் வைத்துச் செயின் செய்தார். இன்றைய ரம்பங்களின் செயின் அந்த வம்சம்தான். அறுப்பது என்ஜின் அல்ல, அந்தப் பல்!

மலிவு மெஷினோடு டப்பாவில் வரும் செயினில்தான் முதலில் சிக்கனம் பிடிக்கிறார்கள். இரும்பு மெத்து. சீக்கிரம் நீளும், சீக்கிரம் மழுங்கும். செயின் மழுங்கியதை மரமே சொல்லிவிடும். நல்ல செயின் துருவல் துருவலாகத் தள்ளும். மழுங்கியது மாவு மாதிரி தூள் கொட்டும். அது தெரியாமல் "மெஷின் சரியில்லை" என்று அழுத்துகிறவர் பாரையும் கிளட்சையும் சேர்த்து எரிக்கிறார். 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வெள்ளம் நின்றது. அந்த மாதிரி மண் ஏறிய மரத்தை அறுத்தால் விலை உயர்ந்த செயினே கொஞ்ச நேரத்தில் பல்லை இழந்துவிடும். மலிவுச் செயின் என்ன செய்யும், பாவம்!

எனவே மெஷின் வாங்கும் நாளிலேயே பேர் பெற்ற கம்பெனிச் செயின் ஒன்றும், 4.8 மில்லி மீட்டர் உருண்டை அரமும் வாங்கிவிட வேண்டும். செயின் கேட்கும்போது "20 இன்ச் செயின்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் எதையாவது கொடுத்து அனுப்புவார். இந்த ரகத்தில் 20 இன்ச் பாருக்கு வழக்கமான கணக்கு: 325 பிட்ச், 058 கேஜ், 76 கண்ணி. பார் மேலேயே அடித்திருக்கும். பார்த்துக் குறித்துக்கொண்டு போவது நல்லது. ஒரு டேங்க் பெட்ரோல் தீர்ந்தால் ஒரு தடவை அரம் போட வேண்டும்.

பிரேக் பிடிக்குமா?

காசு போனால் சம்பாதிக்கலாம். கை போனால்?

என்ஜின் நிமிடத்துக்கு 10 ஆயிரம் சுற்று சுற்றும்போது செயின் ஓடும் வேகம் மணிக்கு சுமார் 70 கிலோ மீட்டர். ஜி.எஸ்.டி. சாலையில் காலியாகப் போகும் பஸ்ஸின் வேகம்! பாரின் நுனியில் மேல் பகுதி எதன் மீதாவது பட்டால், ரம்பம் கண் இமைக்கும் நேரத்தில் பின்னால் எகிறி ஆளின் முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். அந்த நேரத்தில் காப்பாற்ற வேண்டியது செயின் பிரேக். கைப்பிடிக்கு முன்னால் நிற்கும் தடுப்பு முன்பக்கம் சாய்ந்ததும் செயின் நின்றுவிட வேண்டும்.

மலிவு மெஷினில் தடுப்பு இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்பது மெஷினுக்கு மெஷின் வேறு. ஒன்றில் 'டக்' என்று நிற்கும். அதே டப்பா, அதே விலை, அடுத்ததில் செயின் ஓடிக்கொண்டே இருக்கும்!

கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, ஆக்சிலேட்டரை முறுக்கி, பிடியை விடாமல் மணிக்கட்டால் தடுப்பைத் தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். ஆக்சிலேட்டரை விட்ட பிறகு என்ஜின் மெதுவாக ஓடும்போது செயின் நகரவே கூடாது. நகர்ந்தால் ஸ்க்ரூவைச் சரி செய்ய வேண்டும். அப்போதும் நகர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் சரியில்லை. "ஓட்டிக் காட்ட முடியாது, டப்பாவோடு எடுத்துட்டுப் போங்க" என்றால், அந்த ஆறாயிரம் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

பெரிய அடிமரம் அறுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1960-களில் வந்த ஜெர்மன் 'ஸ்டில் 070' மாடல் 105 சி.சி. ராட்சத மெஷின். அதில் செயின் பிரேக்கே கிடையாது. அதன் சீன நகல்களும் இங்கே விற்பனைக்கு வருகின்றன. அசலில் இல்லாதது நகலில் எங்கிருந்து வரும்?

பழைய மாடலைப் பார்த்துச் செய்து சொந்தப் பெயரில் விற்பது ஒரு ரகம். அசல் கம்பெனியின் பெயரையே ஒட்டி விற்பது வேறு. அது போலி, வர்த்தக முத்திரைச் சட்டப்படி குற்றம். 'கம்பெனி மெஷின்' எட்டாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் உஷார்!

யாருக்கு லாபம்?

மாடம்பாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ வீட்டைச் சுற்றி நாலு தென்னை, ஒரு மா, ஒரு முருங்கை வைத்திருப்பவர், வருஷத்தில் நாலு நாள் மெஷினை எடுப்பார். செயினையும் சேர்த்து வாங்கினால் அவருக்கு இது லாபம்தான். தினமும் இதிலேயே சோறு தின்கிறவர் கதை வேறு. ஸ்டார்ட் செய்யும் கயிறு அறுந்தது, போல்ட் உதிர்ந்தது என்று மெஷின் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. மலிவு மெஷின்தான் முடியும் என்றால், முதல் டேங்க் தீர்ந்ததும் எல்லா போல்ட்டையும் ஒரு முறை முடுக்கிவிட வேண்டும். மிச்சம் பிடித்த காசில் கண்ணாடி, ஹெல்மெட், நல்ல பூட்ஸ் வாங்கிவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: மெஷின் கையில் இருக்கிறது என்பதற்காக ரோட்டோர மரத்தில் கை வைக்கக்கூடாது. அரசு நிலத்து மரத்துக்கு அனுமதி வேண்டும். மின்கம்பி மேல் விழுந்த மரம் என்றால், மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தும் வரை கிட்டேயே போகக்கூடாது.

கடைசியாகப் பெட்ரோல். இது டூ ஸ்ட்ரோக் மெஷின். ஆயில் கலக்காமல் ஊற்றினால் சில நிமிடங்களிலேயே பிஸ்டன் இறுகிவிடும். கூட வரும் சீட்டில் பெரும்பாலும் 25-க்கு 1 என்று போட்டிருக்கும். அதாவது லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். பார் ஆயில் தனி டேங்க். அது ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு நேரே, படாமல் நீட்டி, முறுக்கினால் தாளில் ஆயில் கோடு விழும்.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். போன மழைக்கு ஓடிய மெஷின் இந்த மழைக்கு ஸ்டார்ட் ஆகாமல் அழிச்சாட்டியம் செய்ய இதுவும் ஒரு காரணம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டுப் பிறகு எடுத்து வைக்க வேண்டும். அதற்குள் பெட்ரோல் டியூப் விறைத்து வெடித்திருந்தால் பயம் இல்லை. புது டியூப்புக்கு டீ, போண்டா செலவுதான் ஆகும்.