முதல் நெடுந்தூர சைக்கிள் பயணம்: புறப்படும் முன்

பீடோரிலிருந்து தாப்பா, கம்பார், கோப்பெங் வழியாக ஈப்போ போய்த் திரும்பினால் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் லங்காப் பக்கம் மிதித்துவிட்டு வந்து பசியாறுகிறவர்களுக்கு, ஒரு கட்டத்தில் இந்தத் தூரத்தின் மேல் ஆசை வந்துவிடும். அதற்கு அடுத்த ஆசை 200. ஆடாக்ஸ் எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் முதல் படி அதுதான். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பின்னால் உதவி வண்டி வராது. ஓய்வு, சாப்பாடு, பஞ்சர் எல்லாம் சேர்த்து மணிக்குப் 15 கிலோமீட்டர் சராசரி இருந்தால் போதும். இரண்டு மூன்று மாதம் வாராவாரம் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒருமுறையாவது 120 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தவருக்குக் கால் ஒத்துழைக்கும். என் கவலை காலைப் பற்றியதல்ல. வழியில் ஒன்று நடந்துவிட்டால் யாரிடம் போவது, எத்தனை நாளுக்குள் போவது என்று தெரியாமல், நியாயமாகக் கிடைக்க வேண்டியதைக் கைவிட்டு வீட்டிலேயே படுத்துக் கிடப்பவர்களைப் பற்றியது.

பாதையிலிருந்து தொடங்குவோம். பிளஸ் நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நமக்கு இருப்பது பழைய முதலாம் எண் கூட்டரசு சாலை. செம்பனைக் குலை, மணல், கல் ஏற்றும் லோரிகளுக்கும் அதுதான் வழி. 2025 மே 13-ஆம் தேதி, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமித் திருவிழாப் பாதுகாப்பை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசார் 9 பேர், ஜாலான் சிக்குஸ் – சுங்கை லாம்பாம் சாலையில் கல் லோரி மோதி இறந்தார்கள். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள். அந்த வட்டாரத்துச் சாலைகளில்தான் நாமும் சைக்கிள் ஓட்டுகிறோம். போலீஸ் கனரக வண்டிக்கே அந்தக் கதி என்றால், பத்துக் கிலோ சைக்கிளில் போகிறவர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! லோரி நெருங்கும் சத்தம் கேட்டால் இடப்புறம் ஒற்றை வரிசையாகிவிடுங்கள். காதில் பாட்டு வேண்டாம்.

அந்தக் காலத்தில் தோட்டத்துச் சைக்கிளில் டைனமோ விளக்கும் மணியும் இல்லாமல் இருக்காது. இன்று பல ஆயிரம் வெள்ளி சைக்கிளில் அவை இரண்டுமே இருப்பதில்லை. இதில் உயிரோடு சேர்த்துப் பணமும் அடங்கியிருக்கிறது. இருட்டில் விளக்கில்லாமல் போய் அடிபட்டால், தவறில் உங்களுக்கும் பங்குண்டு என்று சொல்லி 1956-ஆம் ஆண்டு குடியியல் சட்டத்தின்படி இழப்பீட்டைக் குறைக்க எதிர்த்தரப்பு வாதாடும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, உடம்பில் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி; மதியத்துக்கு மேல் மலையடிவாரத்தில் மழை இறங்கிச் சாலை இருண்டுவிடும் என்பதால் பகல் பயணத்துக்கும் இவை வேண்டும்.

சாலை ஓரத்தில் லோரி டயர்கள் வெடித்துச் சிதறிக் கிடக்கும். அவற்றிலிருந்து உதிரும் கம்பி முடியளவுதான் இருக்கும். டயருக்குள் ஏறினால் வெளியே தெரியாது. பஞ்சரானதும் அவசரத்தில் புது டியூபை மாட்டினால் அரைக் கிலோமீட்டரில் மறுபடியும் காற்று இறங்கும். டயரின் உட்புறத்தைத் துணியால் மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். துணி எங்கே சிக்குகிறதோ அங்கே கம்பி இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டுத்தான் புது டியூபைப் போட வேண்டும்.

அடுத்து, நம்மவர்கள் பேசக் கூச்சப்படும் விஷயம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு நீரிழிவு. சர்க்கரையைக் குறைக்கத்தான் பலர் சைக்கிளில் ஏறுகிறார்கள்; நல்லதே. ஆனால் இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஐந்தாறு மணி நேர மிதிப்பில் சர்க்கரை திடீரென இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத எரிச்சல், தடுமாறும் பேச்சு ஆகியவற்றை வெயில் களைப்பு என்று எண்ணி மிதித்துக்கொண்டே போவதுதான் ஆபத்து. உடனே நிறுத்தி இனிப்புப் பானம் குடித்து, கால் மணி நேரம் கழித்துச் சோதித்துப் பாருங்கள். வீடு திரும்பிய அன்றிரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கக்கூடும். வீட்டில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். மருந்தளவை நீங்களே குறைக்காதீர்கள். பயணத்துக்கு முன்பே கிளினிக்கில் தூரத்தையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இதயத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது. தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர், கொஞ்சம் உப்பும் சேர்த்து.

சரி, மோதல் நடந்துவிட்டது. வலி தெரியாவிட்டாலும் எழுந்து போய்விடாதீர்கள். வாகன எண், ஓட்டுநர் முகம், சைக்கிள் விழுந்த இடம் ஆகியவற்றைப் படம் எடுங்கள், 999-ஐ அழையுங்கள். 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, மோதிய ஓட்டுநர் நின்று உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. அவர் செய்வார் என்று காத்திராமல் நீங்களும் புகார் கொடுங்கள். "கையில் இருநூறு வெள்ளி தருகிறேன், போலீஸ் வேண்டாம்" என்பார். உள்ளே எலும்பு விரிசல் இருப்பது மறுநாள்தான் தெரியும். அப்போது அந்த மனிதரை எங்கே தேடுவது?

மோட்டார் வாகனம் ஒவ்வொன்றுக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். சைக்கிளோட்டியான நீங்களே அந்த மூன்றாம் தரப்பு. உங்களிடம் காப்புறுதி இல்லாவிட்டாலும், தவறு ஓட்டுநருடையதென்றால் அவருடைய காப்புறுதியிலிருந்து இழப்பீடு கோரலாம். வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்றால், மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பணியகத்தை அணுக வழியுண்டு. அதேசமயம் நீங்களாகக் குழியில் விழுந்தால், நாய் குறுக்கே வந்து சாய்ந்தால் இவை எதுவும் உதவாது. உல்லாசப் பயணம் சொக்சோவின் வேலைக்குப் போய்வரும் வழி விபத்துக் கணக்கிலும் வராது. அதனால் தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றை எடுங்கள். சைக்கிள் ஓட்டத்துக்கு விலக்கு இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

மருத்துவமனைக் கட்டிலருகே கனிவாகப் பேசி வெள்ளைத் தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகர்களிடம் மட்டும் சிக்காதீர்கள். எத்தனையோ தோட்டத்துக் குடும்பங்களின் இழப்பீடு இப்படித்தான் கரைந்தது. கிடைக்கும் தொகையில் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் கட்டணம் பேசுவதை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் அனுமதிப்பதில்லை. நீங்களே ஒரு வழக்கறிஞரைத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் விபத்து வழக்குகளை, தொகை எவ்வளவானாலும், செஷன்ஸ் நீதிமன்றமே விசாரிக்க முடியும்.

கெடு முக்கியம். காயத்துக்கான வழக்கைத் தனியார்மீது 6 ஆண்டுகளுக்குள் தொடுக்கலாம். ஒருவர் இறந்துவிட்டால், அவரை நம்பியிருந்த குடும்பத்தின் கோரிக்கைக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்தான். சாலைக் குழிக்காக அரசாங்கத்தின் மீது வழக்கென்றால் 36 மாதங்கள். குழியை மறுநாளே தாரூற்றி மூடிவிடக்கூடும்; அன்றைக்கே பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலை வைத்து, ஆழமும் அகலமும் தெரிய, கிலோமீட்டர் கல்லும் சேர்ந்து விழும்படி படம் எடுத்துவிடுங்கள்.