சொந்தப் பெட்டியும் வாடகை விளையாட்டும்

குழந்தைகளின் விளையாட்டைக் கொண்டே ஒரு காலத்தின் போக்கை அளந்துவிடலாம். பல்லாங்குழியும் தாயமும் நம் பாட்டிமார் காலத்தின் அடையாளம் என்றால், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடிய வீடியோ கேம் 1990-களில் வளர்ந்தவர்களின் அடையாளமாகும். ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் சிவாஜி நகரிலும் வளர்ந்த நம்மவருள், இன்று முப்பதைக் கடந்தவர்களுக்கு அதன் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். அம்மலர்ச்சி வெறும் இளமை மயக்கந்தானா, அன்றி நாம் எண்ணிப் பார்க்கத்தக்க பொருள் அதில் ஏதேனும் உண்டா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

பெட்டி வந்த கதை

ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளரின் முயற்சியால் 1972-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாக்னவாக்ஸ் ஒடிசியே வீட்டில் வைத்து ஆடும் முதற் பெட்டி. 1983-இல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகாம் என்னும் பெட்டியை வெளியிட்டது. 1889-இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுச் செய்யும் தொழிலாகத் தோன்றிய நிறுவனம் அது என்பதை அறிந்தால் வியப்புண்டாகும்.

நம் வீடுகளுக்குப் பெரும்பாலும் வந்து சேர்ந்தவை அசலைப் பார்த்துச் செய்த மலிவுப் பெட்டிகளே. சென்னைக்கு ரிச்சி தெருவும் பர்மா பஜாரும் எப்படியோ, அப்படியே பெங்களூருக்கு எஸ்.பி. ரோடும் நேஷனல் மார்க்கெட்டும். ‘9999 விளையாட்டுகள்’ என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகள் உண்டு. எண்ணிப் பார்த்தால் சில விளையாட்டுகளே மீண்டும் மீண்டும் வேறு வேடம் புனைந்து வரும்! ஆயினும் மரியோவும் கான்ட்ராவும் அவற்றில் இருந்தால் போதும், சிறுவர்களுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை.

சிறுமையில் பெருமை

1985-இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட் அளவுக்குள் அடங்கியது. இன்று நம் கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைப்போல் பல மடங்கு இடம் கொள்ளும். இடம் குறைவாயிருந்தமையால், ஒரே உருவத்துக்கு வெண்மை தீட்டினால் மேகம், பச்சை தீட்டினால் புதர் என்று சிக்கனம் செய்தனர் அதை ஆக்கியோர். குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் தாய்மாரின் திறமைக்கு இது சற்றும் குறைந்ததன்று.

கேசட்டைச் செருகிய உடனே விளையாட்டுத் தொடங்கும். இணையம் வேண்டா, கடவுச்சொல் வேண்டா. கான்ட்ராவில் 30 உயிர்கள் பெறும் பொத்தான் வரிசை எந்தப் பத்திரிகையும் பாராமலே வாய்மொழியாகத் தெருத்தெருவாய்ப் பரவியது. பெட்டி இருப்பதோ தெருவுக்கு ஒரு வீட்டில். ஆகவே கன்னடம் பேசும் பிள்ளையும், உருது பேசும் பிள்ளையும், நம் பிள்ளையும் ஒரே பாயில் அமர்ந்து முறை வைத்து ஆடினர். தோற்றவன் கருவியை அடுத்தவனிடம் தருவான். காத்திருத்தல் என்னும் பாடத்தை அப்பாய் கற்பித்தது.

புதுமையின் நன்மை

இவ்வளவு கூறியதால் இக்கால விளையாட்டுகள் தீயன என்று கருதிவிடலாகாது. திருநெல்வேலியில் இருக்கும் அத்தை மகனோடு பெங்களூரிலிருந்தே சேர்ந்தாடும் வசதி அன்று ஏது? கை கால் இயக்கம் குன்றியோரும் ஆடுவதற்கென்றே 2018-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனிக் கருவி ஒன்றை வெளியிட்டது. நம் நகரிலேயே 1997-இல் துருவா இன்டராக்டிவ் என்னும் நிறுவனம் தோன்றியது. அதனை 2019-இல் உலகப் புகழ்பெற்ற ராக்ஸ்டார் கேம்ஸ் வாங்கிக்கொண்டது. அன்று விளையாட்டை வாங்கி வந்த ஊர், இன்று உலகுக்கு விளையாட்டு ஆக்கித் தரும் ஊராயிற்று. நம் பிள்ளைகளுக்கு இது வேலை வாய்ப்பும் ஆகும்.

சொந்தமா, வாடகையா?

எனினும் ஒன்றில் மட்டும் நாம் இழந்தது பெரிது. அதுவே உடைமை. 2014-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்னும் கார்ப் பந்தய விளையாட்டு, நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தால்தான் ஓடும். 2024 மார்ச் 31-இல் அந்தச் சர்வர் நிறுத்தப்பட்டது. பணம் கொடுத்து வாங்கியோர் கையில் வட்டு இருந்தும் ஆட்டம் இல்லை. அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் வரலாற்று அறநிலையம் 2023-இல் கண்டறிந்து வெளியிட்டது.

இரயில்வே எழுத்தனாகிய எனக்கு இதன் பொருள் எளிதில் விளங்குகிறது. பயணச்சீட்டு வாங்குபவர் பயணம் செய்யும் உரிமையைப் பெறுகிறார்; இரயில் பெட்டி அவருடையதாகிவிடுவதில்லை. ஆனால் அவரிடம் பெட்டியே விற்கப்பட்டதாக எவரும் சொல்வதில்லை. விளையாட்டுக் கடையிலோ ‘வாங்கு’ என்று எழுதிச் சீட்டைத் தருகிறார்கள். இவ்வாறு விற்போர், தாம் தருவது உடைமையன்று, உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியா மாநிலத்தில் சட்டம் நடப்பில் உள்ளது. பதினோரு மாத ஒப்பந்தமும் முன்பணமும் கொடுத்து வீடு மாறி மாறி வாழும் நமக்குச் சொந்தத்துக்கும் வாடகைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை!

நாம் செய்யத்தக்கவை

அன்பர்களே, பரணில் பழைய பெட்டி கிடந்தால் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். கேசட்டை வாயால் ஊதும் வழக்கத்தை விடுங்கள். மூச்சின் ஈரம் அதன் செப்புத் தகடுகளை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைப்பதே நன்று. வாத்து சுடும் துப்பாக்கி இருந்தால் பழைய குழல் தொலைக்காட்சியையும் காத்து வையுங்கள். குதிரையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்மையாகும். அவ்வொளியைத் துப்பாக்கி காண்கிறது. புதிய தட்டைத் திரை சற்றுத் தாமதித்து ஒளிர்வதால் எத்துணைக் குறி பார்த்துச் சுட்டாலும் வாத்து விழாது.

புதியது வாங்குவோர், வட்டில் கிடைக்குமா, இணையமின்றி ஓடுமா என்று இரண்டு கேள்வி கேட்டு வாங்குங்கள். வீட்டில் பிள்ளைகள் இருவர் இருந்தால், ஆளுக்கொரு கைபேசி தருவதினும் இருவரும் சேர்ந்து ஆடும் விளையாட்டு ஒன்றை வாங்கித் தருவது மேல். பாட்டி விட்டுச் சென்ற பல்லாங்குழியை இன்று ஆடுவதற்கு எவருடைய அனுமதியும் நமக்கு வேண்டியதில்லை. நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் விளையாட்டும் அத்தகையதாய் இருத்தல் வேண்டும்.